என் கண்ணுக்குள் புகுந்து என் வேலையைப் பறித்த மாப்பிள்ளைக்கு

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அத்தை சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நான் சுகமா இல்லையா என்று சொல்லும் உரிமை இப்போது என்னிடம் இல்லை. உங்கள் கண் மருத்துவமனையில், இரண்டாவது மாடியில், தாடையை வைத்து உட்காரச் சொல்லும் அந்த வெள்ளை மெஷினிடம் இருக்கிறது. ஆகவே என் சுகத்தை அங்கேயே விசாரித்துக்கொள்ளவும்.

ஒரே ஊரில், ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் எனக்குக் குரல் உயர்கிறது. குரல் உயர்ந்தால் உங்கள் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நேரில் வரலாம் என்றால், மாப்பிள்ளை முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக “சாப்பிட்டீங்களா” என்று கேட்டுவிடும். கோபம் அதோடு போயிற்று. இந்தக் கோபம் போகக் கூடாது. சேதாரம் இல்லாமல் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் உங்களிடம் எதற்கு வந்தேன் என்பதை முதலில் நினைவுபடுத்துகிறேன். கண்ணாடி மாற்ற வந்தேன். லிஃப்ட் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கும் வயர்களின் எண்கள் கொஞ்ச காலமாக எனக்குக் கலங்கித் தெரிந்தன. எட்டா மூன்றா என்று கூர்ந்து பார்த்தால் இரண்டும் இல்லாமல் பூச்சி மாதிரி ஊர்ந்தது. லிஃப்ட் வேலையில் எட்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கினால் நீங்கள் இனி படிக்கட்டில்தான் போவீர்கள். அதனால் விட்டுவிடுகிறேன். எங்கள் லிஃப்ட் கம்பெனி மேனேஜர், “உங்க மாப்பிள்ளையே கண் டாக்டர், போய்க் காட்டிட்டு வாங்களேன்” என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். வரிசையில் காத்திருந்தவர்களிடம் எல்லாம் டாக்டர் என் மாப்பிள்ளை என்று கேட்காமலே சொன்னேன். அத்தனை பேரிடமும் போய் இப்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?

நீங்கள் பவரைச் சோதித்தீர்கள். அதுவரை சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். “மாமா, வந்ததுதான் வந்தீங்க, கண்ணுக்கு உள்ளே ஒரு போட்டோ எடுத்துடலாமா, எங்ககிட்ட புது மெஷின் வந்திருக்கு” என்றீர்கள். மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறார், ஒரு போட்டோதானே, எடுத்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்தேன். கல்யாண வீட்டில்கூட உங்கள் பக்கத்தில் நின்று நான் இவ்வளவு ஒழுங்காக போஸ் கொடுத்ததில்லை. கண்ணைச் சிமிட்டாதே என்றார்கள், சிமிட்டவில்லை. மூச்சைப் பிடி என்றார்கள், பிடித்தேன். மின்னல் மாதிரி ஒரு வெளிச்சம். அதன் பிறகு நீங்கள் திரையைத் திருப்பிக் காட்டினீர்கள். ஆரஞ்சு நிறத்தில் பெரிய வட்டம், அதற்குள் சிவப்புக் கிளைகள். அழகாகத்தான் இருந்தது. இதில் எனக்குப் பொய் சொல்லத் தெரியாது.

உடம்பைக் கிழிக்காமல் இரத்தக் குழாயை நேருக்கு நேர் பார்க்க முடிகிற இடம் கண்ணின் பின்புறம் ஒன்றுதான் என்றீர்கள். இதயத்துக்குப் போகிற குழாய் கெடுவதற்கு முன்பே இந்த நூல் மாதிரிக் குழாய்களில் அடையாளம் தெரிய ஆரம்பித்துவிடும் என்றீர்கள். ஆயிரக்கணக்கான பேரின் கண் படங்களைப் பார்த்துப் பழகிய மெஷின் இது, யாருக்கு மாரடைப்பு வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போடும் என்றீர்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன், ஏதோ அடுத்தவன் கதையைக் கேட்கிற மாதிரி. அப்புறம் உங்கள் விரல் திரையில் ஒரு இடத்தில் நின்றது. “இங்க பாருங்க மாமா, இந்தக் குழாய் மெலிஞ்சிருக்கு. இது நேரா போக வேண்டியது, வளைஞ்சு வளைஞ்சு போகுது” என்றீர்கள். கண்ணாடி பவர் என்ன என்று கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. மெஷின் பதில் சொன்னது. காகிதம் வந்தது, அதில் மேலே ஒரு பட்டை, பட்டை முழுக்கச் சிவப்பு. இதய நோய் அபாயம் அதிகம்.

ஊரில் ஒருத்தருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் யார் கண் பட்டதோ என்பார்கள். எனக்கு என் கண்ணே பட்டுவிட்டது, மாப்பிள்ளை.

இது நோய் என்று சொல்லவில்லை மாமா, வாய்ப்பு என்றுதான் சொல்கிறது, பயப்படாமல் ஒரு இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள் என்று நீங்கள் பொறுமையாகத்தான் சொன்னீர்கள். ஆனால் வாய்ப்பு என்ற சொல்லை நான் இதுநாள்வரை வேலைவாய்ப்பு என்ற இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். உங்கள் வாய்ப்பு வந்து என் வேலையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் தலைமுடியைப் பற்றிப் பேச வேண்டும். பவர் பார்ப்பதற்கு முன்பே கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸம்மா சொன்னார். கோபத்தில் இருக்கிற மனிதனுக்குத் துணை எதற்கு? நான் விறுவிறு என்று வெளியே வந்துவிட்டேன். வந்தால் வெயில் கண்ணில் ஊசி மாதிரி ஏறுகிறது, தெரு முழுக்கப் பால் கொட்டினாற்போல இருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டோமே என்று அந்த நேரத்திலும் எனக்கு மரியாதை ஞாபகம் வந்தது. திரும்பினேன். வாசலில் வெள்ளை உடுப்போடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நீங்கள்தான் என்று நினைத்து அருகில் போய், “மாப்பிள்ளை, மனசுல எதுவும் வச்சுக்காதீங்க, எனக்குத்தான் கொஞ்சம் படபடப்பு” என்றேன். அவர், “பரவாயில்லைங்க, உள்ள வந்து உட்காருங்க” என்றார். இன்னொரு சோதனை போலிருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்தேன். கழுத்தைச் சுற்றித் துணி கட்டினார்கள். கண் மருத்துவமனையில் எதற்குத் துணி என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே காதுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் சத்தம். பக்கத்துக் கடை முடிதிருத்துகிறவர் அவர். அரைத் தலையோடு எழுந்து போக முடியுமா? முழுசாக வெட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் அத்தை என் தலையைப் பார்த்தாள், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள், ஆபரேஷனுக்கு முடி எடுத்துவிட்டார்கள் என்று முடிவு செய்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இதய ஆபரேஷனுக்கு யாராவது தலையில் முடி எடுப்பார்களா என்று கேட்கிற நிலையில் அவளும் இல்லை, நானும் இல்லை.

அன்று அவளுக்கு வந்த பயம் இன்னும் இறங்கவில்லை. முதலில் உப்பு போயிற்று. பிறகு எண்ணெய் போயிற்று. பிறகு என் பேச்சு போயிற்று, ஏனென்றால் நான் பேசினால் படபடப்பு வருமாம். வேகவைத்த காய்கறியைத் தட்டில் போட்டு, அதை நான் சாப்பிடுகிறேனா என்று எதிரில் உட்கார்ந்து பார்க்கிறாள். என் மகள் நாளுக்கு இரண்டு தடவை போன் பண்ணி, “அப்பா, மாடிப்படி ஏறாதீங்க” என்கிறாள். நாங்கள் இருப்பது தரைத்தளம் என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கே மறந்துவிட்டது. உங்கள் அத்தையின் அண்ணன் வந்தார். வருஷத்தில் ஒரு தரம்கூட எட்டிப் பார்க்காதவர். வந்தவர் சத்தம் போடாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் உட்கார்ந்து, என் கையைத் தன் இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, எங்கேயாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். அவரை அவர் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வர ஆசை என்றேன். அவருக்குப் புரியவில்லை. சாயங்காலம்வரை இருந்தார்.

இதெல்லாம் வீட்டு விஷயம், பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாததை இப்போது எழுதுகிறேன். காகிதத்தின் நகல் ஒன்றை நீங்கள் என் மகளிடம் கொடுத்தீர்கள். அவள் தன் அம்மாவிடம் கொடுத்தாள். என் மனைவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கடைக்குப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் கம்பெனிக்குப் போய், மேனேஜர் மேசையில் அதை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். மறுநாள் நான் வேலைக்குப் போகிறேன், டூல் பையைத் தோளில் போடுகிறேன், மேனேஜர் கூப்பிடுகிறார். உட்காரச் சொல்கிறார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை. தண்ணீர் வேறு கொடுத்தார். லிஃப்ட்டின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, இருட்டில், அவ்வளவு உயரத்தில் செய்கிற வேலை. அங்கே வைத்து எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் யாருக்குப் பதில் சொல்வார் என்றார். இதய மருத்துவர் எழுதிக்கொடுக்கும்வரை நான் லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்ட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். அதுவரை புகார் போனை எடுத்துப் பேச வேண்டுமாம்.

மாப்பிள்ளை, உங்களுக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. இந்த ஊரில் உயரமான கட்டடம் எதைக் காட்டினாலும் அதன் லிஃப்ட்டுக்கு மேல் நான் நின்றிருக்கிறேன். ஒரு அசம்பாவிதம் நடந்ததில்லை. என்னைக் கொண்டுபோய் ஜன்னலோர மேசையில் உட்கார வைத்து, முன்னால் ஒரு போனையும் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் செடியையும் வைத்தார்கள். என் டூல் பையை எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனவன் யார் தெரியுமா? எண்ணெய். அவன் பெயர் வேறு, எந்நேரமும் எண்ணெய்க் குப்பியும் கையுமாகத் திரிவதால் எல்லோருக்கும் அவன் எண்ணெய். என்னோடு ரொம்ப நாளாக வேலை செய்கிறான், நல்லவன்தான், அதுதான் இன்னும் எரிச்சல். போகும்போது, “அண்ணே, கவலைப்படாதீங்க, உங்க பையைப் பத்திரமா பாத்துக்கறேன்” என்றான். நான் போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி.

போன் வேலை எப்படி என்று கேட்கிறீர்களா? யாராவது லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு கூப்பிடுவார்கள். முகவரி வாங்கிக்கொண்டு, ஆள் வருவார், பதற்றப்பட வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். ஒருநாள் மருந்துக் கம்பெனி விற்பனையாளர் ஒருவர் மாட்டிக்கொண்டார். போனை வைக்காதீங்க சார், ஏதாவது பேசிக்கிட்டே இருங்க, இல்லாட்டி எனக்கு மூச்சு முட்டுது என்றார். எனக்கு வேறு என்ன பேசத் தெரியும்? உங்களைப் பற்றித்தான் பேசினேன். மெஷினில் ஆரம்பித்து, போட்டோ, சிவப்புப் பட்டை, கத்தரிக்கோல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மேனேஜர் தண்ணீர் கொடுத்த கட்டத்துக்குக் கதை வந்தபோது எண்ணெய் போய்க் கதவைத் திறந்துவிட்டான். அந்த மனிதர், “ஒரு நிமிஷம் இருப்பா, முடிச்சுட்டு வரேன்” என்று லிஃப்ட்டுக்குள்ளேயே நின்று மிச்சத்தையும் கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார். ஊரில் முன்பின் தெரியாத ஒரு மனிதர் என் பக்கம் இருக்கிறார் என்பதை இதன்மூலம் உங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

சரி, இதய மருத்துவரையே பார்த்துவிட்டு, அவர் கையால் எழுதி வாங்கி, உங்கள் மெஷினின் வாயை அடைத்துவிடலாம் என்று லீவு போட்டேன். அவருடைய கிளினிக் ஒரு பெரிய மருத்துவக் கட்டடத்தின் பத்தாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் எங்கள் கம்பெனி பராமரிப்பில் உள்ளதுதான். நான் லிஃப்ட்டில் ஏறவில்லை. பத்து மாடியும் நடந்தே ஏறி, மூச்சு வாங்காமல் டாக்டர் முன்னால் போய் நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். உங்கள் அத்தை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், கடைசியில் ஏறுங்கள் என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டுக்குள் போனாள். எனக்கு அப்போது அவள் திட்டம் தெரியாது. முதல் மாடிக்கு ஏறி வருகிறேன், லிஃப்ட் கதவு திறக்கிறது, இவள் தலை மட்டும் வெளியே வருகிறது, “நல்லாருக்கீங்களா” என்கிறது, கதவு மூடுகிறது. இரண்டாவது மாடி, திரும்பவும் கதவு, திரும்பவும் தலை. உள்ளே வேறு ஆட்களும் இருந்தார்கள். மூன்றாவது மாடியிலிருந்து அவர்களும் தலையை நீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான்காவது மாடியில் கையில் கட்டுப் போட்ட ஒருவர், பாதி வந்துட்டீங்க சார் என்று என்னை உற்சாகப்படுத்தினார். ஐந்தாவதில் அவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஆறாவது மாடியில் இவள் தனியாக எட்டிப் பார்த்தாள். ஏழாவது மாடிக்கு நான் வந்து நின்றேன். கதவு திறக்கவில்லை.

மாடிக்கு மாடி ஒருத்தி லிஃப்ட்டை நிறுத்தி நிறுத்திக் கதவைத் திறந்து மூடினால் எந்தக் கதவுதான் தாங்கும்? ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றுவிட்டது. காவலாளி ஓடி வந்தார். எங்கள் கம்பெனிக்குப் போன் போட்டார். மணி அடிக்கிறது, அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. என்னய்யா கம்பெனி இது, போனை எடுக்க ஒரு ஆள் கிடையாதா என்று என்னிடமே திட்டினார். அந்த ஆள் நான்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? பிறகு மேனேஜரின் சொந்த எண்ணுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மேல்மாடி மெஷின் ரூம் சாவியைக் காவலாளி என்னிடம் கொடுக்கட்டும், நானே இறக்கிவிடுகிறேன் என்றேன். மேனேஜர் போனைக் காவலாளியிடம் கொடுக்கச் சொன்னார். காவலாளி கேட்டுக்கொண்டார். சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். அப்புறம் எங்கிருந்தோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, “உட்காருங்க சார், உங்களுக்கு ஹார்ட்டாமே” என்றார். மாப்பிள்ளை, என் வாழ்நாளில் நான் எத்தனையோ பேரை லிஃப்ட்டிலிருந்து இறக்கியிருக்கிறேன். என் பெண்டாட்டி உள்ளே நிற்கிறாள், நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை என்ற மரியாதை மட்டும் இல்லாவிட்டால் இந்த இடத்தில் வேறு ஒரு சொல் எழுதியிருப்பேன். இடம் விட்டிருக்கிறேன், நீங்களே போட்டுக்கொள்ளவும்.

எண்ணெய் ஊரின் மறுகோடியிலிருந்து வர வேண்டும். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கதவோரம் தரையில் உட்கார்ந்தேன். கதவு இடுக்கில் வாயை வைத்து, பயப்படாதே, கயிறு அறாது, ஒரு கயிறு இல்லை நாலைந்து கயிறு இருக்கிறது, காற்றும் வரும் என்று போனில் சொல்கிற பாடத்தை ஒப்பித்தேன். உள்ளே சத்தமே இல்லை. கொஞ்சம் கழித்து, “எனக்குப் பயமில்ல, நீங்க மூச்சு வாங்காம பேசுங்க” என்றாள். பிறகு ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்டேன். யோசித்துக்கொண்டிருந்தாளாம். என்ன யோசனை என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அது எனக்கு இன்னும் காதிலேயே நிற்கிறது.

“இந்தப் பெட்டிக்கு மேலதானே நீங்க நிப்பீங்க? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க வேலைக்குப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் நான் வீட்ல எப்படி இருந்தேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?”

பக்கத்து வீட்டில் போன் அடித்தால்கூட அவள் வாசலுக்கு ஓடி வந்து நிற்பாளாம். போன வாரம் நீ பயந்ததெல்லாம் இதய நோய்க்கு இல்லையா என்று கேட்டேன்.

“அதுக்கும்தான். ஆனா அந்தக் காகிதம் வந்தப்புறம்தான் நான் பகல்ல நிம்மதியா இருக்கேன். நீங்க போன் பக்கத்துல உட்கார்ந்திருக்கீங்க. தரையில இருக்கீங்க. அதுக்காகத்தான் அதை உங்க மேனேஜர்கிட்ட கொடுத்தேன். திட்டறதுன்னா திட்டுங்க.”

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். காவலாளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எனக்குக் கோபம் அவர் பக்கம் திரும்பிவிட்டது. அதற்குள் எண்ணெய் வந்து, மேலே போய், மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்ட்டை மெதுவாக ஏழாவது மாடிக்குக் கொண்டுவந்தான். கொஞ்சம்கூட உலுக்காமல் கொண்டுவந்தான். கதவு திறந்தது. உங்கள் அத்தை வெளியே வந்து, தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு எழுந்தேன். மிச்ச மூன்று மாடியும் இரண்டு பேருமாக நடந்தே ஏறினோம்.

டாக்டர் எல்லாம் பார்த்தார். மார்பில் வயர்களை ஒட்டிப் பார்த்தார், பசையைத் தடவி ஸ்கேனில் பார்த்தார், ஓடுகிற பட்டைமேல் நடக்கவிட்டுப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். உங்கள் சிவப்புப் பட்டைக் காகிதத்தையும் கண் படத்தையும் ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தார். இரத்த முடிவு வந்த பிறகு அவர் சொன்ன வார்த்தை, “உங்க இதயம் நல்லா இருக்கு.” இதை அவர் கையாலேயே எழுதியும் கொடுத்திருக்கிறார். ஆகவே உங்கள் மெஷின் ஒரு பொய்யான மெஷின் என்பது நிரூபணம் ஆகிவிட்டது. கண்ணைப் பார்த்து இதயத்தைச் சொல்கிறேன் என்பது, கதவைப் பார்த்து வீட்டுக்குள் என்ன சமையல் என்று சொல்கிற மாதிரி வேலை என்பதும் தெளிவாகிவிட்டது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, எங்கள் மேனேஜருக்கு உங்கள் மருத்துவமனைத் தாளில், மெஷின் தவறு செய்துவிட்டது, இவரை உடனே ஷாஃப்ட்டுக்கு அனுப்பவும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இரண்டாவது, அந்த மெஷினை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது, இனிமேல் யாராவது கண்ணாடி மாற்ற வந்தால் கண்ணாடியை மட்டும் மாற்ற வேண்டும். இதைச் செய்யும்வரை நான் உங்கள் வீட்டு வாசற்படியை மிதிப்பதாக இல்லை. என் மகள் வந்து அழைத்தாலும் சரி, நீங்களே வந்து அழைத்தாலும் சரி.

மற்றபடி உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நீங்களும் என் மகளும் நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனதோடு, ஒருவருக்கொருவர் துணையாக, எந்த மெஷினிடமும் மாட்டிக்கொள்ளாமல் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். உங்கள் பெற்றோருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். விஷயத்தைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்திலும் மரியாதை குறையாத
மாமனார்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை இதை வாங்கிப் படித்துவிட்டாள். டாக்டர் சொன்ன வாக்கியத்தில் பாதியைத்தான் நான் எழுதியிருக்கிறேன், மீதியையும் எழுதாவிட்டால் அவளே தனியாக ஒரு கடிதம் எழுதுவாளாம். ஆகவே எழுதுகிறேன். “உங்க இதயம் நல்லா இருக்கு” என்றவர், மூச்சு விட்டுவிட்டு, “இப்போதைக்கு” என்றார். பிரஷர் எக்கச்சக்கமாக இருக்கிறதாம், கொழுப்பும் அப்படியே, இரண்டும் ரொம்ப நாளாக சத்தம் போடாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன, கண் படத்தில் தெரிந்தது அதுதான் என்றார். இன்னும் இரண்டு மூன்று வருஷம் இப்படியே விட்டிருந்தால் என்னைப் படுக்கவைத்துத்தான் கொண்டுவந்திருப்பார்கள், என்னை அங்கே அனுப்பினவர் சரியான நேரத்தில் அனுப்பியிருக்கிறார், அவரைப் பார்த்தால் தான் சொன்னதாகச் சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட்டேன்.

மாத்திரை அன்றைக்கே ஆரம்பித்தாயிற்று. டாக்டர் எழுதிக்கொடுத்ததை மேனேஜரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, இதயம் நல்லா இருக்குன்னு போட்டிருக்கே, நாளைக்கே வேணும்னாலும் ஷாஃப்ட்டுக்குப் போங்க என்று டூல் பையை எடுத்துக் கையில் கொடுத்தார். நான்தான் வேண்டாம் என்றேன். பிரஷர் இறங்கட்டும், அதற்கப்புறமும் மேலே ஏறுவதா, இல்லை எண்ணெய்க்கும் மற்றவர்களுக்கும் கீழேயிருந்து வேலை சொல்லிக்கொடுப்பதா என்று வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு மேனேஜருக்குத்தான் லேசாக நெஞ்சு வலித்த மாதிரி முகம் போயிற்று. அவரும் எங்கள் மெக்கானிக்குகள் எல்லோரும் வரும் வாரம் உங்களிடம் கண் படம் எடுத்துக்கொள்ள வருகிறார்கள். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதச் சொல்லி உங்கள் அத்தை நிற்கிறாள். எனக்கு மனசு வரவில்லை. இவ்வளவு நன்றாக நான் யாரையும் திட்டி எழுதியதே இல்லை. அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். கடிதம் வந்ததும் இந்தப் பின்குறிப்பை முதலில் படித்துவிடவும். மேலே உள்ளதைப் படிக்க வேண்டிய அவசியம் இருக்காது.